15 கிராம் டியூப் எத்தனை நாள் வரவேண்டும்? சொரியாசிஸுக்குக் களிம்பு பூசும் கணக்கு

மெடிக்கலில் வாங்கிய 15 கிராம் ஸ்டீராய்டு களிம்பு (தோலின் அழற்சியை அடக்கும் மருந்து) ஒருவர் வீட்டில் நான்கே நாளில் தீர்ந்துபோகிறது. அதே களிம்பு இன்னொருவர் வீட்டு அலமாரியில் ஆறு மாதமாகப் பாதி டியூபாகக் கிடக்கிறது. இருவருக்கும் முழங்கையிலும் முழங்காலிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் திட்டு. முதலாமவர் இப்படியே தொடர்ந்தால் திட்டைச் சுற்றியுள்ள தோல் வெங்காயச் சருகுபோல மெலிந்துவிடும். இரண்டாமவருக்கோ திட்டு அசைந்தே கொடுக்காது. மருந்து இருவருக்கும் சரியானதுதான், அளவுதான் தவறு. சீட்டில் "வெளிப்பூச்சு, காலை – இரவு" என்று மட்டும் எழுதியிருந்தால், எவ்வளவு, எந்த இடத்தில், எத்தனை நாள் என்ற மூன்றையும் டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கணக்கை முதல்முறையாகக் கற்றுக்கொள்பவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

முதலில் நோயைப் பற்றிச் சுருக்கமாக. தோலின் அடியில் பிறக்கும் செல் மேலே வந்து உதிர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸ் உள்ள இடத்தில் அதே பயணம் மூன்று முதல் ஐந்து நாளில் முடிந்துவிடுகிறது. உடலின் எதிர்ப்பு சக்தி தன் தோலையே தூண்டிவிடுவதால் வரும் அவசரம் இது. முதிராத செல்கள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்து வெள்ளிச் செதிலாக நிற்கின்றன. தடித்த திட்டுகளாக வருவதைத்தான் பிளேக் சொரியாசிஸ் என்கிறோம். சித்த மருத்துவத்தில் இதைக் காளாஞ்சகப்படை என்பார்கள். இணையத்தில் காணும் படங்களில் திட்டு செக்கச்செவேலென்று இருக்கும். நம் மாநிறத் தோலில் அது ஊதா கலந்த பழுப்பாகவோ சாம்பல் பூத்ததாகவோதான் தெரியும். அதனால் பலர் வெகுநாள் வரை இதை வறட்சி என்றே நினைத்துவிடுகிறார்கள். இது தொற்றாது. ஒரே துண்டு, ஒரே பாய், சலூன் கத்தரி, கடல் குளியல் எதனாலும் இன்னொருவருக்குப் போகாது.

களிம்பு நோயை வேரோடு எடுத்துவிடாது. திட்டை அடக்கும், மாதக்கணக்கில் அடங்கியே இருக்கவும் வைக்கும். ஒரே ஊசியில் நிரந்தரமாகப் போய்விடும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். ஸ்டீராய்டு ஊசி போட்ட உடனே தோல் பளிச்சென்று ஆகும். அதன் வேகம் இறங்கும்போது நோய் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பலாம். சிலருக்கு உடல் முழுக்கச் சீழ்ப்புள்ளிகளாகவும் வெடிக்கலாம்.

விரல் நுனிக் கணக்கு

1991-ல் லாங், ஃபின்லே என்ற இரு மருத்துவர்கள் ஒரு எளிய அளவைச் சொன்னார்கள். உலகெங்கும் தோல் மருத்துவர்கள் இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். வளர்ந்தவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்புக் கோடு வரை டியூபிலிருந்து ஒரு கோடு பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம் வரும். இதை ஒரு விரல் நுனி அளவு என்போம். விரல்களைச் சேர்த்து வைத்த இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்கு இது போதும்.

இனி, திட்டுகளின்மேல் உங்கள் கையை வைத்து அளந்து பாருங்கள். இரண்டு முழங்கை, இரண்டு முழங்கால் எல்லாம் சேர்த்து இரண்டு கை அகலம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வேளைக்கு ஒரு விரல் நுனி, அதாவது அரை கிராம். காலையும் இரவும் பூசினால் நாளுக்கு ஒரு கிராம். அப்படியானால் 15 கிராம் டியூப் 15 நாள் வரவேண்டும். நான்கு நாளில் தீர்ந்தால் மூன்று மடங்குக்கும் மேல் அப்புகிறீர்கள். இரண்டு மாதம் ஆகியும் மிச்சமிருந்தால் பயந்து பயந்து தொட்டுத் தடவுகிறீர்கள் அல்லது பாதி நாள் மறந்துவிடுகிறீர்கள். டியூப்பின்மேல் பிரித்த தேதியை பேனாவால் எழுதிவைத்தால் போதும், இந்தக் கணக்கு தானாகத் தெரிந்துவிடும்.

ஒரு நுணுக்கம் உண்டு. இந்த அளவு 5 மில்லிமீட்டர் வாய் உள்ள டியூபுக்குச் சொன்னது. நம் கடைகளில் கிடைக்கும் சில சின்ன டியூப்களின் வாய் அதைவிடக் குறுகல். நூல்போல மெல்லிய கோடு வந்தால் ஒரு கோடு அரை கிராம் ஆகாது. அப்போது கோட்டை நம்பாமல் டியூப் வரும் நாளை எண்ணிச் சரிபார்ப்பதே நல்லது.

ஒரு கை அகலம் என்பது உடல் தோலில் ஏறத்தாழ 1 சதவீதம். திட்டுகள் மொத்தம் பத்துக் கை அகலத்தைத் தாண்டினால் களிம்பு மட்டும் பல நேரம் போதாது. ஒளி சிகிச்சை, மாத்திரை பற்றி டாக்டரிடம் பேச வேண்டிய கட்டம் அது. வீட்டில் டியூப் டியூபாக வாங்கிப் பூசிச் சமாளிக்கப் பார்ப்பதுதான் ஆபத்து. குளோபெட்டசால் 0.05% போன்ற மிகக் கடுமையான ஸ்டீராய்டு வாரத்துக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அது தோல்வழியாக ரத்தத்தில் இறங்கி, உடல் தானே சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனையே முடக்கும். சர்க்கரை நோய் இருப்பவருக்குச் சர்க்கரையும் ஏறும்.

எந்த இடம் என்பது பாதி வைத்தியம்

உடலின் எல்லாத் தோலும் ஒன்றுபோல மருந்தை உறிஞ்சாது. 1967-ல் ஃபெல்ட்மன், மைபாக் இருவரும் ஹைட்ரோகார்ட்டிசோனை வெவ்வேறு இடங்களில் பூசி அளந்தார்கள். முன்கையில் இறங்கியதை 1 என்று கொண்டால் நெற்றியில் 6, விதைப்பையில் 42. பாதத்தின் அடியிலோ 0.14 மட்டுமே. முழங்காலுக்கு எழுதிக்கொடுத்த களிம்பை முகத்திலும் தொடை இடுக்கிலும் பூசக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் தேவையில்லை. கண் இமையருகே தொடர்ந்து பூசினால் கண் அழுத்தம் கூடலாம், புரை வரலாம். அக்குள், மார்பகத்தின் அடி, தொடை இடுக்கு ஆகியவை கடலூர், புதுச்சேரி மாதிரிக் கடலோரப் புழுக்கத்தில் நாளெல்லாம் ஈரமாக இருக்கும். தோலோடு தோல் ஒட்டி, பிளாஸ்டிக் தாள் கட்டியதுபோல மருந்தை உள்ளே தள்ளும். கோடுகோடாகத் தழும்பு விழுவது பெரும்பாலும் இந்த இடங்களில்தான். விழுந்த தழும்பு போகாது.

ஆகவே ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று களிம்பு எழுதுவதில் அர்த்தம் இருக்கிறது. முழங்கை, முழங்கால், இடுப்புக்குப் பின்புறம் போன்ற தடித்த இடங்களுக்கு மொமெட்டசோன் 0.1%, பீட்டாமெத்தசோன் டைப்ரோபியோனேட் 0.05%, குளோபெட்டசால் 0.05% போன்றவை. முகம், இடுக்குகளுக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் 1% மாதிரி மெல்லியது, அதுவும் சில நாள்களுக்கு மட்டும், அல்லது ஸ்டீராய்டே இல்லாத டாக்ரோலிமஸ். ஒவ்வொரு டியூபின்மேலும் "முட்டி", "முகம்" என்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். வீட்டில் கண்ணாடி போடாமல் எடுத்துப் பூசும் பெரியவர்களுக்கு இதுதான் பாதுகாப்பு.

பெயர்க் குழப்பத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். குளோட்ரிமசோல் படர்தாமரைக்கான பூஞ்சை மருந்து. குளோபெட்டசால் கடுமையான ஸ்டீராய்டு. காதில் கேட்க ஒன்றுபோல இருக்கும், வேலையோ நேர் எதிர். கடையில் வாய்மொழியாகப் பெயர் சொல்லாமல் சீட்டையோ பழைய டியூப்பையோ காட்டி வாங்குங்கள்.

கால்சிபோட்ரியால் என்ற வைட்டமின் டி வகைக் களிம்பு வேறு விதம். செல்லின் அவசரத்தைத் தணிக்கும், தோலை மெலிய வைக்காது. பலன் தெரிய இரண்டு மூன்று வாரம் பிடிக்கும், முகத்தில் பட்டால் எரியும். இதற்கு ஒரு முக்கியமான பகை உண்டு. செதிலைக் கரைக்கும் சாலிசிலிக் அமிலம் பட்டால் கால்சிபோட்ரியால் செயலிழந்துவிடும். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்றாலும் ஒரே இடத்தில் இரண்டையும் பூசலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கால்சிபோட்ரியாலும் பீட்டாமெத்தசோனும் சேர்ந்த களிம்பு நாளுக்கு ஒரே வேளைதான், வழக்கமாக நான்கு வாரம் வரை. ஒளி சிகிச்சைக்குப் போகிறவர்கள் அங்கே போகும்முன் இந்தக் களிம்பையோ சாலிசிலிக் அமிலத்தையோ பூசக் கூடாது. முன்னது ஒளியில் கெடும், பின்னது ஒளியைத் தடுக்கும். சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தபின் பூசலாம்.

பூசும் முறை

வெந்நீரை விட்டு, கை பொறுக்கும் வெதுவெதுப்பில் ஐந்து பத்து நிமிடம் குளித்தால் போதும். பீர்க்கங்காய் நாரும் கல்லும் வேண்டாம். செதிலைப் பிய்த்தால் அடியில் புள்ளிப் புள்ளியாக ரத்தம் கசியும், அந்தக் காயமே திட்டைப் பெரிதாக்கும். அடிபட்ட தோலில் ஓரிரு வாரத்தில் புதுத் திட்டு முளைப்பது இந்த நோயின் குணம். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைப்பவர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். முந்திரி ஓட்டின் எண்ணெய் தோலைப் பொசுக்கும், பொசுங்கிய இடத்தில் திட்டு வரலாம். உறை போட்டு வேலை செய்ய முடியுமானால் அதுவே பாதி மருந்து. தேவனாம்பட்டினத்தில் வலை இழுப்பவர்கள் கரைக்கு வந்ததும் உப்பு போக நல்ல தண்ணீரில் கையைக் கழுவி, உலர்த்தி, ஈரப்பசைக் களிம்பு தடவிக்கொள்ள வேண்டும். மருந்தை இரவுக்கு வைத்துக்கொண்டால் வேலையில் அழிந்துபோகாது.

குளித்தபின் துண்டால் ஒற்றி எடுங்கள். அளந்த மருந்தைத் திட்டின்மேல் புள்ளிகளாக வைத்து, முடி வளரும் திசையில் மெல்லப் பரப்புங்கள். முடிக்கு எதிராக அழுத்தித் தேய்த்தால் மயிர்க்கால்களில் கொப்புளம் வரும். தோல் மினுமினுக்க வேண்டும், வெள்ளையாகப் படிந்து நிற்கக் கூடாது. திட்டின் விளிம்போடு நிறுத்துங்கள், சுற்றியுள்ள நல்ல தோலுக்கு அது தேவையில்லை. பூசியபின் கையைக் கழுவுங்கள், கையிலேயே திட்டு இருந்தால் மட்டும் விலக்கு. டாக்டர் சொல்லாமல் மேலே பிளாஸ்டிக் தாளோ இறுக்கமான கட்டோ கட்ட வேண்டாம். மருந்து பல மடங்கு உள்ளே இறங்கிவிடும்.

ஈரப்பசைக் களிம்பை, அதாவது வெள்ளை வாசலின், திரவ பாரஃபின், யூரியா 10% போன்றவற்றை, மருந்து பூசி 20 முதல் 30 நிமிடம் கழித்துத் தடவுங்கள். இரண்டையும் உள்ளங்கையில் குழைத்து ஒன்றாகப் பூசினால் மருந்து நீர்த்து, திட்டு இல்லாத இடத்துக்கும் பரவும். ஈரப்பசைக்கு அளவுக் கட்டுப்பாடு இல்லை. மார்கழிப் பனியில் நாளுக்கு மூன்று நான்கு முறையும் தேவைப்படும். தேங்காய் எண்ணெயும் ஈரப்பசைக்கு நல்லதே. ஆனால் பாரஃபின் ஊறிய துணி தீப்பிடித்தால் படபடவென்று எரியும். பூசிய கையோடு, அதே நைட்டி, கைலியோடு கேஸ் அடுப்பு, குத்துவிளக்கு, பீடி நெருப்பு பக்கம் போகக் கூடாது. துவைத்தாலும் அந்தப் பசை துணியிலிருந்து முழுதாகப் போகாது.

ஆயின்மென்டா, கிரீமா என்பதற்கு நம் ஊர் வெயிலும் பதில் சொல்லும். ஆயின்மென்ட் பிசுபிசுப்பானது, தடித்த செதிலுக்குள் நன்றாக இறங்கும், ஒரே மருந்தானாலும் கிரீமைவிடப் பெரும்பாலும் வீரியம் கூடுதல். கத்திரி வெயிலில் பகலில் அதைப் பூசிக்கொண்டு பேருந்தில் போக யாராலும் முடியாது. பகலுக்கு கிரீம், இரவுக்கு ஆயின்மென்ட் என்று கேட்டு வாங்கினால் விடாமல் பூசுவீர்கள். பூசாத நல்ல மருந்தைவிடப் பூசுகிற சுமாரான மருந்து மேல் என்பது எங்கள் உறுதியான கருத்து. டியூப்பை வண்டிப் பெட்டியில் போட்டு வெயிலில் நிறுத்த வேண்டாம், உருகிப் பிரிந்துவிடும்.

தலை

தலையில் தவறு நடப்பது எண்ணெயால். எண்ணெய் வழியும் தலையில் லோஷன் ஊற்றினால் அது முடியில் நிற்கும், தோலைத் தொடாது. செதில் தடித்திருந்தால் முதல் நாள் இரவே எண்ணெய் அல்லது டாக்டர் தந்த சாலிசிலிக் அமிலக் களிம்பு வைத்து ஊறவிட்டு, காலையில் அலசி, செதிலை இளக்குங்கள். சீப்புப் பல்லால் சுரண்ட வேண்டாம். மறுநாள் இரவு, காய்ந்த தலையில் வகிடு எடுத்து, வகிட்டின்மேல் சொட்டுவிட்டு விரலால் பரப்பி, அரை அங்குலம் தள்ளி அடுத்த வகிடு. நீளமுடி உள்ளவர்கள் ஈரப் பின்னலோடு படுக்கக் கூடாது, அடியில் பூஞ்சை சேரும். கரித்தார் அல்லது கீட்டோகோனசோல் ஷாம்பூ கொடுத்திருந்தால் நுரையை ஐந்து நிமிடம் விட்டுத்தான் அலச வேண்டும். கரித்தார் தலையணை உறையில் கறை விடும், பூசிய இடம் வெயிலில் சீக்கிரம் கருகும்.

எப்போது நிறுத்துவது

எங்கள் பார்வையில் அதிகச் சேதம் நடப்பது இங்கேதான். திட்டு அடங்கியதும் நம் நிறத் தோலில் ஒரு கருமை அல்லது வெளிர் தடம் நிற்கும். அது மாதக்கணக்கில் இருக்கும். பலர் அதை நோய் என்றே நினைத்து, நிறம் திரும்பும்வரை ஸ்டீராய்டைத் தொடர்கிறார்கள். நிறத்துக்கு இந்த மருந்து இல்லை. போதாக்குறைக்குக் கடுமையான ஸ்டீராய்டே தோலை வெளிறச் செய்யும். நாளாக நாளாக ரத்த நாளங்கள் சிவப்பு நூலாகத் தெரியும், லேசாக உரசினாலே ரத்தம் கட்டும்.

சோதனை எளிது. கண்ணை மூடிக்கொண்டு நல்ல தோலிலிருந்து திட்டு இருந்த இடத்துக்கு விரலை ஓட்டுங்கள். மேடும் சொரசொரப்பும் தட்டுப்படவில்லை என்றால் மருந்தின் வேலை முடிந்தது, நிறம் என்னவாக இருந்தாலும் சரி.

முடிந்ததும் ஒரே நாளில் நிறுத்தாமல் படியிறக்க வேண்டும். இரண்டு வேளையாக இருந்தது ஒரு வேளை, பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள், பிறகு சனி, ஞாயிறு மட்டும். வாரத்தின் மற்ற நாள்களில் ஈரப்பசையோ கால்சிபோட்ரியாலோ. இந்த இறக்கத்தை டாக்டரிடம் தேதி போட்டு எழுதி வாங்குங்கள். குளோபெட்டசால் வகைக்குப் பொதுவாக இரண்டு வாரம்தான் தொடர் கெடு. அந்த வகை எந்த இடத்திலும் நான்கு வாரத்தைத் தாண்டி டாக்டர் பார்க்காமல் ஓடக் கூடாது. மொமெட்டசோன் போன்ற, அதற்கு அடுத்த வீரியமுள்ளவற்றுக்கு எட்டு வாரம். சுற்றுக்குச் சுற்று நான்கு வாரமாவது ஸ்டீராய்டு இல்லாத இடைவெளி வேண்டும்.

இது சொரியாசிஸ்தானா?

கடலோர ஈரத்தில் படர்தாமரை மிகச் சாதாரணம். வட்டமாக, விளிம்பு மட்டும் தடித்து, நடு தெளிந்து, வேர்வையில் பயங்கரமாக அரித்தால் பூஞ்சையாக இருக்கலாம். அதன்மேல் ஸ்டீராய்டு பூசினால் அரிப்பு இரண்டு நாளில் அடங்கி, பூஞ்சை உள்ளே சுகமாக வளர்ந்து, உருவமே மாறிப் பரவும். ஒரே டியூபில் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து மூன்றும் கலந்த களிம்புகள் இந்தச் சேதத்தை நாடெங்கும் பரப்பியிருக்கின்றன. உணர்ச்சியற்ற வெளிர் தேமல் என்றால் அது வேறு நோய், உடனே காட்ட வேண்டும். 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது களிம்புகளின் இந்தத் தவறான பயன்பாட்டால்தான். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் குணம் தந்த டியூப்பை அன்போடு கொடுத்தாலும் வாங்கிப் பூச வேண்டாம்.

சித்த மருத்துவத்தின் வெட்பாலைத் தைலம் நம் பக்கம் நிறையப் பேர் வைக்கிறார்கள். வைப்பதாக இருந்தால் களிம்பு பூசும் இடத்திலேயே ஒன்றன்மேல் ஒன்றாக வைக்காமல், இரண்டு வைத்தியரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று அச்சிடாத டப்பாக் களிம்பு இரண்டே நாளில் மாயம் செய்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

கர்ப்பமாக இருப்பவர்கள், அதற்குத் திட்டமிடுபவர்கள் டாசரோட்டீன் என்ற வைட்டமின் ஏ வகைக் களிம்பைத் தொடவே கூடாது. மற்றவற்றையும் கேட்டபின்பே. பால் கொடுப்பவர்கள் மார்க்காம்பில் எதுவும் பூச வேண்டாம். குழந்தைகளுக்குப் பெரியவர் டியூப்பைப் பகிரக் கூடாது. குழந்தையின் உடல் எடையோடு ஒப்பிட்டால் தோல் பரப்பு அதிகம், மருந்து வேகமாக ஏறும்.

இதய, ரத்த அழுத்த மாத்திரைகளில் சில பீட்டா பிளாக்கர்கள், மனநோய்க்கான லித்தியம், மலேரியாவுக்கான குளோரோகுயின் ஆகியவை சொரியாசிஸைக் கிளப்பலாம். நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் பட்டியலைக் காட்டுங்கள். மதுவும் புகையும் களிம்பின் பலனைக் கண்முன்னே குறைக்கும்.

திடீரென்று உடலில் பெரும்பகுதி சிவந்து தோல் உரிந்தால், குளிர் நடுக்கமோ காய்ச்சலோ வந்தால், சின்னச் சின்னச் சீழ்ப்புள்ளிகள் படர்ந்தால் மறுநாள் புறநோயாளிச் சீட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். புதுச்சேரியில் கோரிமேடு ஜிப்மர், கடலூரில் அரசுத் தலைமை மருத்துவமனை, எது பக்கமோ அங்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். காலையில் விரல் மூட்டு அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்திருப்பது, ஒரு விரல் முழுவதும் வீங்குவது, நகத்தில் ஊசி குத்தியதுபோலக் குழிகள் இவை மூட்டைத் தொட்டதன் அறிகுறிகளாக இருக்கலாம். களிம்பு அங்கே எட்டாது, தாமதித்தால் மூட்டு கோணிவிடும்.

அடுத்த முறை தோல் டாக்டரைப் பார்க்கப் போகும்போது காலி டியூப்கள் எல்லாவற்றையும், கடையில் சொந்தமாக வாங்கியவற்றையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். கடைசித் துளியை எடுக்க டியூப்பின் அடியை வெட்டியிருந்தால் அந்தத் துண்டையும் வைத்திருங்கள். காலாவதித் தேதி பெரும்பாலும் அந்த மடிப்பில்தான் அச்சாகியிருக்கும்.